நான்காம் புதுமையின் முதுகெலும்பு

...அதுவும் இடது தோள்தான் நல்லது, எலும்பு டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பேனை முனையால் தொட்டுக் காட்டியது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வலது பக்கம், ஆகவே இடது தோளில் வைத்தால் பாரம் இடது காலால் இறங்கி மணலுக்குள் போய்விடும், வலது பக்கத்துக்கு விசயமே தெரியவராது... எலும்பு அப்படிப் பக்கம் பிரித்து வேலை செய்யுமா? எங்கள் கோவில் சங்கத்தில் தலைவர் செய்வது செயலாளருக்குத் தெரியாது, செயலாளர் செய்வது ஒருவருக்குமே தெரியாது, ஆனால் முதுகெலும்பு சங்கம் இல்லையே, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டல்லவா நிற்கிறது. கொழும்பில் எலும்பின் அடர்த்தி பார்க்கிற டெஸ்ட் வருகிற வியாழக்கிழமை. அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, ஒரு அரிசி மூட்டைகூடத் தூக்கக் கூடாது, என்றுதான் போன மாதம், நத்தார் பண்டிகைக்கு முன்பு, புத்தளத்தில் டொக்டர் சொன்னார், நானும் ஓம் டொக்டர் என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன், இன்றைக்குத் திங்கள், செபஸ்தியார் திருநாள், காலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் கூடு நிற்கிறது, கூட்டுக்குள்ளே சொரூபம், கூட்டுக்குக் கீழே இரண்டு நீட்டு மரம், ஒரு மரத்தின் பின் முனையில் தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு நான். அரிசி மூட்டையைப் பற்றித்தான் டொக்டர் சொன்னார், செபஸ்தியாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்... அது தெரிந்தபடியால்தானே கேட்கவில்லை, நிரோசன், உனக்கு நீயே கதை விடாதே.

மைக்கை மூப்பர் விடுகிற மாதிரித் தெரியவில்லை. வின்சன்ட் மூப்பர், சங்கத்துக்குத் தலைவர், ஐஸ் கொம்பனிக்கு முதலாளி, இந்த வெயிலில் கோட்டுப் போட்டிருக்கிறார், கோட்டுக்கு மேலே சிவப்புப் பட்டி, பட்டிக்கு மேலே ஒரு ரோசாப்பூ, பூவுக்கு மேலே அவர். இத்தாலி வாழ் எமதூர் உறவுகளின் அன்பளிப்பில் உருவான இந்தத் தேக்கங்கூடு இம்மாவட்டத்திலேயே... இம்மாவட்டத்திலேயே என்ன என்பது அவருக்கே இன்னும் முடிவாகவில்லை, போன கிழமை ஒத்திகையில் மிகப் பெரியது என்றார், சிலாபப் பக்கம் இதைவிடப் பெரியது இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் இன்றைக்கு மிகவும் பக்தி நிறைந்தது என்று மாற்றிவிட்டார். பழைய கூடு பலா மரம், எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு ஓடலாம். இது தேக்கு, நாலு பக்கமும் பித்தளைத் தகட்டில் உபயகாரர்களின் பெயர், பட்டப் படிப்பு, இத்தாலியில் இருக்கும் நகரம், பிறகு பகலிலும் எரிகிற நீலப் பல்புகள், பல்புகளுக்காகச் சொரூபத்தின் காலடியில் பட்டுத் துணி போர்த்தி ஒளித்து வைத்த லொறி பற்றரி ஒன்று. ஊர் முழுக்கக் கும்பிடுகிற கும்பிட்டில் பற்றரிக்கும் ஒரு பங்கு போகிறது. முனைக்கு மூன்று பேர், நாலு முனைக்குப் பன்னிரண்டு பேர், அப்போஸ்தலர் கணக்கு, என்று மூப்பர் சொன்னபோது எல்லாரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள், பன்னிரண்டு பேரில் காட்டிக்கொடுத்த ஒருவன் யார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை, நான் மட்டும் யோசித்தேன். அன்றைக்கே அவரிடம் தனியாகப் போய், மாமா எனக்கு இடுப்பு கொஞ்சம் சரியில்லை, இந்த வருசம் வேற ஆளைப் போடுங்களன், என்று கேட்டும் பார்த்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, தம்பி, உன்னைப் பாக்கத்தான் சிலாபத்தில இருந்து ரெண்டு பஸ் வருது, செபஸ்தியார் செய்த அற்புதமெல்லாம் போட்ட புத்தகத்தில நாலாம் புதுமை நீ, புதுமைக்கு இடுப்பு நோகலாமா, என்றார். அவருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மணி அடித்தாயிற்று, குனிகிறோம், எனக்கு முன்னால் கெவினின் முதுகு, எனக்குப் பின்னால் அவனுடைய அண்ணன் மூச்சு விடுகிற சத்தம், இரண்டு பேரும் ஐஸ் கொம்பனியில் ஐஸ்கட்டி தூக்கி வளர்ந்தவர்கள், பனைமரம் மாதிரி இரண்டு பேர், நடுவில் நான், ஒன்று இரண்டு மூன்று, செபஸ்தியாரே... பல்லைக் கடித்துக்கொண்டேன், இப்போது வரும், வலது பக்கம் இடுப்புக்கு மேலே யாரோ துறட்டியைப் போட்டு இழுக்கிற அந்த நோ இப்போது வரும், நத்தாருக்கு முன்பு ஹோட்டலில் ஜெர்மன்காரி ஒருத்தியின் பெட்டியைத் தூக்கின அன்று வந்த மாதிரி, பெட்டியும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி... வரவில்லை. கூடு எழும்பிவிட்டது, பேண்ட் தொடங்கிவிட்டது, கால்கள் நடக்கின்றன, வரவில்லை. பிந்தி வருமோ என்னவோ. அந்த ஹோட்டலில்தான் எல்லாம் தொடங்கினது. கண்டக்குளிப் பக்கம், கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிற வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டல், எனக்கு இங்கிலிஷ் தெரியும், கொஞ்சம் சிங்களம் தெரியும், ஆனால் முகம் முழுக்கப் பரு, சின்னப் பரு இல்லை, நெற்றியிலும் தாடையிலும் பெரிய பெரிய கட்டி, உடைந்தால் குழி. மனேஜர் மிகவும் மரியாதையானவர், ரிசப்சன்தான் தம்பி ஹோட்டலின்ட முகம், என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பின்பக்கம் துவாய்களும் படுக்கை விரிப்புகளும் எண்ணுகிற அறையில் வைத்தார். துவாய்க்கு முகம் இல்லை, அதனால் அதற்கு என் முகம் போதும்.

தோல் டொக்டரைப் புத்தளத்தில் காசு கட்டி, நம்பர் எடுத்து, சனல் பண்ணிப் பார்த்தேன், அவர் நல்லபடியாகத்தான் சொன்னார், இது கடுமையான குளிசை தம்பி, ஐந்து மாதம், அதற்கு மேலே வேண்டாம், மாதா மாதம் இரத்தம் பார்க்க வேண்டும், என்று துண்டில் எழுதியும் தந்தார். நாலாம் மாதம் முகம் தெளிந்துவிட்டது. கண்ணாடியில் வேறு யாரோ நின்றான், எனக்கே அவனோடு கதைக்க வெட்கமாக இருந்தது. ஐந்தாம் மாதம் முடிந்ததும் விட்டிருக்க வேண்டும், தெரியும், ஆனால் அதே மாதம் என்னை ரிசப்சனுக்கு எடுத்தார்கள், விட்டால் திரும்பி வந்துவிடுமோ... வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் நான் இரண்டு வருசம் குடித்தேன். கற்பிட்டிச் சந்தியில் ரஸாக் நானாவின் பாமசி, அதே துண்டு, அதன் போட்டோ கொப்பி, பிறகு கொப்பியின் கொப்பி, கடைசியில் டொக்டரின் கையெழுத்து மங்கிப் போய் வெறும் கடதாசியாகத்தான் இருந்தது, ரஸாக் நானா அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, குர்ஆன் ஓதுகிற கவனத்தோடு அந்த வெள்ளைக் கடதாசியை வாசித்துவிட்டு, டொக்டர் இன்னும் விடச் சொல்லலயா தம்பி, என்று கேட்பார், இல்ல நானா, என்பேன், சரி அப்ப, என்று தருவார். இரண்டு பேருக்கும் மனச்சாட்சி இருந்தது, இரண்டு பேரும் அதை மாதத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்து வைத்தோம். இரத்தம் பார்க்கவில்லை. உதடு வெடித்தது, மூக்கால் இரத்தம் வந்தது, கண் காய்ந்து மணல் விழுந்த மாதிரி அரித்தது... ஊர் அதையும் விடவில்லை, பொடியன் ஒறுத்தல் இருக்கிறான், தண்ணிகூடக் குடிக்கிறானில்லை, உதட்டைப் பாருங்க, என்று மறைக்கல்வி ரீச்சர் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டிச் சொன்னாவாம்.

ஊருக்குக் குளிசை தெரியாது. கடலுக்குப் போகிறவனுடைய மகன் முகம் வடிவாக வரக் குளிசை குடிக்கிறான் என்றால் கெவின் ஒருத்தன் போதும், கற்பிட்டி முழுக்கப் பெயர் வைத்துவிடுவான். சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக் குடித்தேன். அதே நாட்களில் அம்மா செபஸ்தியாருக்கு நேர்த்தி வைத்திருந்தா, மகனின் முகம் தெளிந்தால் வெள்ளியில் ஒரு முகம், அதோடு மூன்று வருசம் மகன் கூடு தூக்குவான், என்று. முகம் தெளிந்தது. அம்மா கத்தரினா என்றால் ஊரில் குரல் உள்ள மனுசி, மீன் விற்கிற குரல், அந்தக் குரலால் சொன்னா, வெள்ளி முகம் பீடத்தில் தொங்கிற்று, பாதர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஒரு வாலிபன் என்றார், கோவில் முழுக்கத் திரும்பி அந்த வாலிபனைப் பார்த்தது. பிறகு இந்த வருசத் திருநாளுக்கென்று சங்கம் புத்தகம் அடித்தது, புதுமைகள் ஏழு, முதலாவது புயலில் தப்பிய படகு, இரண்டாவது பேசாத பிள்ளை, மூன்றாவது எனக்கு மறந்துவிட்டது, நாலாவது நான். புத்தகத்துக்கு முன்பே, போன வருசம், ஒரு சிலாபத்து அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா, ஷானிகா, பதினேழு வயது, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றாள், அக்கா என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தம்பி எப்பிடிச் செபிச்சீங்க, எத்தினை தரம், என்று கேட்டா, நான் யோசிக்காமல், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் அக்கா, சாப்பாட்டோட, என்று சொல்லிவிட்டேன். அக்கா அதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனா. அந்தப் பிள்ளை இப்போது சாப்பாட்டோடு செபித்துக்கொண்டிருப்பாளோ...

மீன் காயவைக்கிற வாடிகளைத் தாண்டுகிறோம், கரையில் ஏற்றிய படகுகளுக்கெல்லாம் சிவப்புக் கொடி, காற்று வடக்கால் வருகிறது, தூரத்தில் காற்றாடிக் கம்பங்கள் ஒரு அவசரமும் இல்லாமல் சுற்றுகின்றன. நோ இன்னும் வரவில்லை. எலும்பு டொக்டர் கத்திக் கதைக்கிற ஆள் இல்லை, எல்லாருக்கும் இப்பிடி வாறதில்லை, என்றார், டொக்டர் குறிச்ச அளவு, குறிச்ச காலம், அப்பிடிக் குடிச்சவங்களுக்குப் பெரும்பாலும் எலும்புக்கு ஒண்டும் வாறதில்லை, நீங்க குடிச்சதுக்கு அளவும் இல்லை காலமும் இல்லை, இந்தக் கீறல் மாதிரித் தெரியிறது மருந்தாலதானோ எண்டு நானும் சத்தியம் பண்ண மாட்டன், அதுதான் டெஸ்ட். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்க கடற்கரை ஆட்கள்தானே, வீட்டில ஈரலெண்ணெய் குடிக்கிறதா, என்று கேட்டார். எனக்கு ஐந்து வயதில் தொடங்கினது, அப்பா வலையில் திருக்கை பட்டால் ஈரலை அம்மா எடுத்து வைப்பா, சட்டியில் போட்டுக் காய்ச்சி, வடித்து, பழைய சாராயப் போத்தலில் ஊற்றி, வீட்டுச் செபஸ்தியார் படத்துக்குப் பின்னால் வைப்பா, விடிந்தால் ஒரு கரண்டி, இருபத்தாறு வயதிலும் ஒரு கரண்டி, வாயைத் திற. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். அந்தக் குளிசையும் விற்றமின் ஏ இனம், ஈரலெண்ணெயும் விற்றமின் ஏ, ரெண்டையும் சேத்து ரெண்டு வருசம், ம்... பெட்டிக்குள்ள இருக்கிற கடதாசியில எழுதியிருக்கு தம்பி, வாசிக்கல்லையா? வாசிக்கவில்லை. இங்கிலிஷ் தெரியும் என்று ரிசப்சனில் இருக்கிறேன், வாசிக்கவில்லை. குளிசையை அன்றைக்கே விட்டேன். எண்ணெயை எப்படி விடுவது? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பா, ஏன் என்று சொன்னால் குளிசை வெளியே வரும், குளிசை வந்தால் வெள்ளி முகம், பாதரின் பிரசங்கம், புத்தகம், எல்லாம் ஒரே நூலில் அவிழும், அம்மா எந்த முகத்தோடு சந்தைக்குப் போவா... பஸ் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படத்துக்குப் பின்னால் போத்தல் இல்லை. முடிஞ்சு போச்சு மகன், இப்ப திருக்கை படுகிறதில்லை, என்றா. செபஸ்தியார் காப்பாற்றினார் என்று நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்குச் சோற்றுக்கு என்ன கறி? ...திருக்கைக் கறி.

திருக்கைக் கறி. அதை ஏன் அப்போது யோசிக்கவில்லை. பசி. அதற்குப் பிறகு திருக்கையும் இல்லை, நாளும் சூடை மீன், முள்ளோடு பொரித்து, முள்ளை எடுக்காத, சப்பித் தின், என்று பக்கத்தில் நிற்பா, பாண் சாப்பிட்டாலும் சூடை, சோறு சாப்பிட்டாலும் சூடை, இரவில் பால், முருங்கையிலைச் சொதி, விடிந்ததும், போய்க் கருவாட்டுக்குக் காகம் வராமப் பார், என்று வெயிலில் இருத்திவிடுவா, அம்மாவுக்கு வயது போகிறது, ஒரே பல்லவியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இன்று விடியவும், கண்ணாடியில் பார்த்தேன், இடது தாடையில் ஒன்று, இரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் பரு, சிவந்து, கண் வைத்து, திருநாளுக்கென்றே வந்த விருந்தாளி மாதிரி, நாலாம் புதுமையின் முகத்தில். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பவுடர் டின்னை எடுத்து, விரலால் தொட்டு, அதன் மேலே மெல்லமாக ஒற்றிவிட்டு, துண்டைச் சரியாப் போடு, என்றா. அவ்வளவுதான். மீன் சந்தையில் ஒரு கிலோவில் பத்துக் கிராம் குறைந்தாலும் அரை மணித்தியாலம் கதைக்கிற மனுசி.

ஐஸ் கொம்பனி வாசல், இங்கே மட்டும் கூடு கொஞ்சம் மெதுவாகப் போகும், மூப்பர் ஓடி வந்து மரத்தின் நுனியில் ஒரு கை வைப்பார், வீடியோக்காரன் எடுத்து முடிந்ததும் கையை எடுப்பார், வருடா வருடம் நடப்பது, அதைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதுமில்லை, அது பாரம்பரியமாகிவிட்டது. நோ வரவில்லை. போன வருசம் மற்ற மரத்தில் நின்றேன், பழைய கூட்டுக்கே தோள் கன்றி நீலம் பாய்ந்தது, இந்த வருசம் தேக்கு, பித்தளை, பற்றரி, ஆனால் தோளில் ஒன்றுமே... ஒன்றுமே இல்லையே? செபஸ்தியாரே, இது என்ன? என் முதல் புதுமை குளிசையின் புதுமை, அது எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும், ஆனால் இது? நான் பொய்யன் என்று தெரிந்தும் நீர் உண்மையாகவே எழுந்து என் பாரத்தை... கண்ணுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, கொப்பிக் குளிசை குடித்துக் காய்ந்து போன கண்ணில் எத்தனை மாதத்துக்குப் பிறகு தண்ணீர், மேலே பார்த்தேன், மரத்தில் கட்டுண்டு நிற்கிறார், அம்பு குத்திய இடங்களைத் தவிர உடம்பில் ஒரு புள்ளி இல்லை, அவருக்கு ரிசப்சன் வேலை உடனே கிடைத்திருக்கும். அந்தப் பார்வையை அப்படியே இறக்கினால் நீட்டு மரம், மரத்துக்கும் என் தோளுக்கும் நடுவில் வெளிச்சம். நாலு விரல் வெளிச்சம். மரம் கெவினின் தோளிலிருந்து அவனுடைய அண்ணனின் தோளுக்கு என் தோளைத் தொடாமல் நேராகப் போகிறது. கையால் மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

புதுமை அவ்வளவுதான் நீடித்தது, வாடியிலிருந்து ஐஸ் கொம்பனி வரைக்கும். சிரிப்பும் வந்தது, பிறகு வெட்கம், பதினொரு பேர் வேர்வையில் குளிக்கிறார்கள், நான் மட்டும் உலாப் போகிறேன், ஊர் என்னைப் பார்த்துத்தான் கும்பிடுகிறது, அதனால் குதிக்காலை உயர்த்தினேன், விரல் நுனியில் நடந்தேன், தோள் மரத்தைத் தொட்டது, தொட்டதும் அந்தத் துறட்டி இடுப்புக்கு மேலே மெல்ல மாட்டினது, ஓம், இதுதான், இப்போது சரி, இப்போது நியாயம்... எந்த நியாயம்? டொக்டருக்கு நியாயமா, செபஸ்தியாருக்கா, வீடியோக்காரனுக்கா? பாரத்தைத் தேடி எக்கி எக்கிப் போகிற முட்டாள் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா. கெவின் திரும்பாமலே, கட்டையா, என்னடா பின்னால குதிச்சுக் குதிச்சு வாற, கலியாண வீடா, என்றான். மரம் எட்டேல்லடா, என்றேன். எட்டாட்டி விடன், நாங்க வச்சிருக்கிறம்தானே, ரெண்டு ஐஸ்கட்டி பாரம் கூட இல்ல. என்னை ஏன்டா உங்கட நடுவில போட்டவங்க, என்று கேட்டேன். கேள் உன்ட அம்மாட்ட, மூப்பரிட்ட மூண்டு நாள் வந்து நிண்டவா, கெவினுக்கும் அண்ணனுக்கும் நடுவில விட்டாத்தான் என்ட பிள்ளை வீடியோவில வடிவாத் தெரிவான் எண்டு. அவனுடைய அண்ணன் பின்னாலிருந்து, தெரிவான் தெரிவான், எங்கட கமக்கட்டுக்குள்ளால, என்றான். இரண்டு பேரும் சிரித்ததில் கூடு குலுங்கிற்று, மூப்பர் மைக்கில் அமைதி என்றார். ஆறடிக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் கட்டையனை விட்டால் அவன் எந்த வீடியோவில் தெரிவான்? இது அம்மாவுக்குத் தெரியாதா? எந்தக் கூடைக்கு நடுவில் எந்த மீனை வைத்தால் எது தெரியும், எது மறையும் என்று முப்பது வருசமாக அறிந்த மனுசிக்கு?

சிலுவையடி வந்துவிட்டது. இங்கே கூட்டை முட்டுக்கட்டையில் இறக்கி வைத்துச் செபம், மூப்பரின் இரண்டாவது பேச்சு, இளைப்பாற ஐந்து நிமிடம். பூவரசு நிழலில் அம்மா நிற்கிறா, திருநாள் சேலை, கையில் செபமாலை, பக்கத்தில் அந்தச் சிலாபத்து அக்கா, அவவுக்குப் பின்னால் ஷானிகா, துப்பட்டா கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கன்னம் முன்னையை விடப் பரவாயில்லை, உதடு மட்டும் வெடித்து... உதடு. அம்மா என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா, மூன்று ஊருக்குக் கேட்கிற குரலில், வெள்ளி முகம், நவநாள், ஒன்பதாம் நாள் விடிய என்ட பிள்ளையின்ட முகத்தைப் பாத்தன், நிலவு மாதிரி... சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு விலகினார்கள். பிறகு அம்மாவின் குரல் இறங்கிற்று, அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், முட்டுக்கட்டையின் இந்தப் பக்கம் நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபடியால் கேட்டது. பிள்ளைக்கு ஈரலெண்ணெய் குடுக்கிறீங்களா? ஓம் அக்கா, நாளும் ஒரு கரண்டி, தோலுக்கு நல்லம்தானே. டொக்டர் தந்த குளிசை ஏதும் குடிக்கிறாளா? அந்த அக்கா மகளின் துப்பட்டாவை இழுத்து மேலே விட்டா. பிறகு, ஓம், ஒண்டு குடிக்கிறாள்... நேர்த்தியும் இருக்குத்தான். அப்ப எண்ணெயை இண்டைக்கே நிப்பாட்டுங்க, ரெண்டும் சேரக் கூடாது, எலும்புக்குக் கூடாது, டொக்டர் சொன்ன மாதத்துக்கு மேல ஒரு நாளும் குடுக்காதீங்க, இரத்தம் பாக்கச் சொன்னாப் பாருங்க, பழைய துண்டைக் கொண்டு பாமசிக்குப் போக விடாதீங்க. அந்த அக்கா, ஓம் அக்கா, என்றா. அம்மா மூச்சு எடுத்துவிட்டு, நேர்த்தியையும் விடாதீங்க, என்றா.

சப்பாத்துக் கயிறு எப்போதோ கட்டி முடிந்துவிட்டது, நான் அப்படியே குனிந்தபடி. நத்தாருக்கு முன்பு குளிசையை விட்டதும் ரஸாக் நானாவிடம் போய்ச் சொன்னேன், இனி வேண்டாம் நானா என்று, அவர் என்னைப் பார்க்காமல் நல்லது தம்பி, நல்லது, என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, உங்கட உம்மா இன்னம் எண்ணெய் காய்ச்சுறாவா, என்று கேட்டார், அவருக்கு ஒரு போத்தல் தேவையாக்கும் என்று நினைத்து, இல்லை நானா முடிஞ்சு போச்சு, என்றேன், அல்ஹம்துலில்லாஹ், என்றார், எண்ணெய் முடிந்ததற்கு ஏன் இந்த மனுசன் இறைவனைப் புகழுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்... அம்மா அங்கே போயிருக்கிறா. கழுவப் போட்ட காற்சட்டைப் பைக்குள் ஒரு வெறும் அட்டை கிடந்திருக்கும், அதை இடுப்பில் செருகிக்கொண்டு சந்திக்குப் போய், இது என்ன குளிசை நானா, என்று கேட்டிருப்பா, அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி இந்த முறை உண்மையாகவே வாசித்திருப்பார். எப்போது? எண்ணெய்ப் போத்தல் மறைந்தது நான் எலும்பு டொக்டரிடம் போய் வந்த அன்றைக்கே, அப்படியானால் அதற்கு முன்பே. புத்தகத்துக்கு அம்மா சொல்லிச் சொல்லி எழுதுவித்தது மார்கழிக் கடைசியில். தெரிந்துகொண்டுதான் சொன்னாவா? ஒன்பதாம் நாள் விடிய, நிலவு மாதிரி...

மகன், என்று பக்கத்தில் குரல். எழும்பினேன். அம்மா தண்ணீர்ப் போத்தலைத் தந்தா, குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றா, பிறகு லேஞ்சியை எடுத்து என் நெற்றியைத் துடைத்து, தாடைக்கு வந்ததும் துடைக்காமல் சுற்றிக்கொண்டு போய், பவுடர் அழிந்த இடத்தில் லேஞ்சியின் பவுடர் ஒட்டின மூலையால் ஒரு முறை ஒற்றினா. எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, அம்மா, வியாழக்கிழமை கொழும்புக்கு, என்று வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் மணி அடித்துவிட்டது, கெவின் மரத்துக்கடியில் போய்விட்டான், அவனுடைய அண்ணன், புதுமை, வாங்க நேரமாகுது, என்று கூப்பிட்டான். அம்மா என் தோள் துண்டை இழுத்துச் சரி செய்கிற மாதிரிக் கிட்ட வந்து, உதடு அசையாமல், குதிக்காலைக் கீழ வச்சு நட, என்றா. அவங்கள் தூக்குவாங்கள். சொல்லிவிட்டுத் திரும்பி, செபஸ்தியாரே, என்று பாட்டை எடுத்தா, பேண்ட்காரர் அம்மாவின் சுருதியைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

தூக்கினோம். தூக்கினார்கள். குதிக்காலைக் கீழே வைத்தேன், ஈர மணலில் சப்பாத்து மெத்தென்று அமிழ்ந்தது, துறட்டி கழன்றுவிட்டது. கோவில் கோபுரம் தெரிகிறது, இன்னும் கால் மணித்தியாலம், கைதான் மரத்தில், ஊர் பார்க்கும்போது அது தூக்குகிற கை மாதிரித்தான் தெரியும். வழியில் ஒரு வயதான மனுசன் என் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதையும் அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டிருப்பார். அடுத்த வருசம் நேர்த்தியின் மூன்றாவது வருசம், கெவினுக்கு இத்தாலிக்கு விசா சரிவரும் என்று கதை, அப்போது நடுவில் நிற்க யாருடைய உயரத்தை அம்மா தேடுவா... வியாழக்கிழமை விடிய நாலரை பஸ்ஸுக்குப் போக வேண்டும், எங்கே போகிறாய் என்று கேட்டால் ஹோட்டல் வேலையாக என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். கேட்பாவா? கேட்காமல் முதல் நாளே பாணும் சூடையும் பொரித்துக் கட்டி வைப்பாவோ? அம்மா பெண்கள் வரிசையின் ஓரமாக வந்துகொண்டிருக்கிறா, எல்லாரும் அண்ணாந்து சொரூபத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள், அம்மாவும் பாடுகிறா, எல்லாரையும் விடச் சத்தமாக, ஆனால் அண்ணாந்து பார்க்கவில்லை, மரத்துக்கும் என் தோளுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு விரல் இடத்தைப் பார்க்கிறா, பிறகு என் காலைப் பார்க்கிறா, பிறகு திரும்பவும் அந்த இடத்தை.